தனியார் மண் அணை: அபாயத் தரத்தைப் பார்ப்பது, கரையைச் சோதிப்பது

அமெரிக்காவின் தேசிய அணைப் பதிவேட்டில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் தனியார் அணைகள். நிலம் வாங்கும்போது குளத்தோடு கரையும் கைக்கு வந்துவிடும், பொறுப்பும்தான்.

படி 1: தரத்தைப் பாருங்கள். குறைந்தது, குறிப்பிடத்தக்கது, உயர்ந்தது என்று மூன்று உண்டு. பலரும் இதைக் கரையின் வலுவுக்கான மதிப்பெண் என்று நினைக்கிறார்கள். அதுவல்ல. அணை உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதைத்தான் இது சொல்கிறது. உயிர் போகும் வாய்ப்பிருந்தால் உயர்ந்தது. உயிருக்கு ஆபத்தில்லாமல் சாலை, மின்கம்பி போன்றவை போகுமானால் குறிப்பிடத்தக்கது. சேதம் பெரும்பாலும் உரிமையாளரின் நிலத்தோடு நின்றுவிடுமானால் குறைந்தது. கரையின் நிலைக்குத் தனி மதிப்பீடு உண்டு. சின்ன அணைகள் பல பதிவேட்டிலேயே இருக்காது. மாநில அணைப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

படி 2: ஓடையோடு கீழே நடங்கள். வீடு, முகாம், பாலம் எல்லாவற்றையும் குறியுங்கள். தரம் கொடுத்த பிறகு ஒரே ஒரு வீடு வந்திருந்தாலும் தரம் மாறிவிடலாம். கரையில் ஒரு கூடை மண்கூட நகர்ந்திருக்க வேண்டியதில்லை. 2006 மார்ச் 14 அன்று ஹவாயின் காவாய் தீவில் உடைந்து 7 பேரைப் பலிகொண்ட கலோகோ அணையும் ‘குறைந்த’ தரத்தில் இருந்ததுதான்.

படி 3: கலங்கல், அதாவது மிகுதி வெள்ளம் வெளியேறும் வழி. கலோகோவில் கலங்கலை மண்போட்டு மூடியிருந்தது விசாரணையில் பெரிய விஷயமானது. மீன் தப்பாமலிருக்க வலை கட்டுவது, நீர்மட்டம் கூட்டப் பலகை வைப்பது, இரண்டும் வேண்டாம். வெள்ளம் போக வழியில்லாவிட்டால் கரைமேலேயே ஏறும். மண் கரை அதைத் தாங்காது. கரை உச்சியில் கயிறு கட்டி மட்டம் பாருங்கள். தாழ்ந்த இடத்தில்தான் முதலில் வழியும்.

படி 4: கரையின் அடிவாரம். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். புல்லை ஒட்ட வெட்டாவிட்டால் எதுவும் தெரியாது. ஈரமோ, சுற்றிலும் காய்ந்திருக்க ஒரு திட்டு மட்டும் பசேலென்று நாணலோ இருந்தால் கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். கசிவைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது, அன்று குளத்து மட்டம் என்ன என்று எழுதுங்கள். பாட்டிலை அசைக்காமல் வைத்துவிட்டு அடியில் வண்டல் படிகிறதா பாருங்கள். தெளிந்த நீர் என்றால் கண்காணிக்கலாம். வண்டல் படிந்தால் கரை உள்ளே அரிக்கப்படுகிறது. அன்றே பொறியாளரைக் கூப்பிடுங்கள். களிமண் வைத்து அடைத்தால் நீர் பக்கத்தில் வேறு வழி தேடும். குளத்தை ஒரேயடியாகக் காலிசெய்தால் நீர்ப்பக்கச் சரிவு ஈரத்தோடு சரியும். சாதாரணமாக நாளுக்கு ஓரடிக்கு மேல் இறக்குவதில்லை.

கரையில் முளைத்த செடிகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிய மரத்தை வெட்டி வேரை விட்டால், அது மக்கியதும் நீருக்குக் குழாய்தான். கஸ்தூரி எலி வளைகளும் அப்படியே.

படி 5: கீழே உள்ள வீடுகளின் தொலைபேசி எண்கள், அவசர உதவி 911, மாநில அலுவலகம், பொறியாளர். இந்த ஒரு பக்கத் தாளை வீட்டுக் கதவிலும் வண்டியிலும் வையுங்கள்.