இரண்டாம் பாகம் வாங்கும் முன் ஒரு ரசீதும் பேனாவும்

போன மாதம் ஈசூன் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது தம்பி கைப்பேசியை நீட்டினான். "அண்ணா, ஸ்பேஸ் மரீன் 2 கேம் வாங்கலாமா? எதிர்பார்த்த மாதிரி இருக்குமா?" நான் பதில் சொல்லவில்லை. கோப்பி வாங்கிய ரசீதைத் திருப்பி அவன் முன்னால் வைத்தேன். முதல் பாகத்தில் உனக்குப் பிடித்தது மூன்று, எரிச்சல் தந்தது மூன்று, எழுது என்றேன்.

நீங்களும் அங்கேதான் தொடங்க வேண்டும். அதுவும் டிரெய்லர் பார்க்கும் முன்பே. பார்த்துவிட்டு எழுதினால், அவர்கள் விற்க நினைப்பதைத்தான் நம் ஆசை என்று எழுதி வைப்போம். "கிராஃபிக்ஸ் நல்லா இருக்கணும்" என்பதெல்லாம் பட்டியலில் சேராது. கை என்ன செய்தது, எந்த இடத்தில் மனம் துள்ளியது என்று எழுதுங்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு மாஸ் எஃபெக்ட் 2 என்ற விண்வெளிக் கதை ஆட்டத்தை விளையாடியதில் வந்தது. முதல் பாகத்துக்கு 2007 நவம்பரில் சிங்கப்பூரில் தடை அறிவித்து, உடனே அதை விலக்கி, 18 வயது ஆனவர்களுக்கு மட்டுமான எம்18 தரத்தோடு விற்க அனுமதித்தார்கள். எனக்கு அப்போது வயது பதினேழு. பதினெட்டு முடியும்வரை காத்திருந்து வாங்கினேன். பிடித்தவை: நார்மண்டி விண்கப்பலில் ஒவ்வொருவரிடமும் நின்று பேசுவது, என் முடிவுகளைக் கதை நினைவில் வைத்திருப்பது, தோட்டாவே தீராத துப்பாக்கி. எரிச்சல்கள்: பாறை மேல் பந்துபோல் குதிக்கும் மேக்கோ வண்டி, நகராமல் நகரும் லிஃப்ட், 150 சாமான் நிரம்பியதும் உட்கார்ந்து காலி செய்ய வேண்டிய பை.

2010 ஜனவரியில் இரண்டாம் பாகம் வந்தபோது தேசிய சேவையில் இருந்தேன். சனிக்கிழமை முகாமிலிருந்து வந்ததும் பையைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்துவிடுவேன். மேக்கோ இல்லை, அந்த லிஃப்ட் இல்லை, பையும் இல்லை. மூன்று எரிச்சலும் போயிருந்தன. ஆனால் பிடித்த பட்டியலிலிருந்தும் ஒன்று போயிருந்தது: தோட்டா தீராத அந்தத் துப்பாக்கி.

முதல் பாகத்தில் நான்கு முறை சுடுவேன், பெட்டிக்குப் பின்னால் குனிவேன், சூடு காட்டும் கோடு இறங்கும்வரை காத்திருந்து மறுபடி எழுவேன். இரண்டாம் பாகத்தில் சூட்டை உறிஞ்சும் கிளிப் தீர்ந்தால் துப்பாக்கி வெறும் இரும்பு. எதிரி விழுந்த இடத்தில் கிடக்கும் கிளிப்பை எடுக்க மறைவை விட்டு ஓட வேண்டும். முதல் வாரம் எனக்குக் கோபம்தான். இரண்டாம் வாரம் கவனித்தேன்: பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த நான் இப்போது களம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறேன், சண்டை இன்னும் நன்றாக இருக்கிறது. பிடித்த ஒன்று காணாமல் போனால் உடனே குறை என்று எழுதிவிடாதீர்கள். அந்த இடத்தில் இப்போது கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

மேக்கோவின் இடத்தில் வந்தது கிரகங்களை வருடித் தாதுப்பொருள் தேடும் வேலை. ஒரு வட்டத்தை மெல்ல நகர்த்தி, கோடு துள்ளும் இடத்தில் ஆய்வுக்கருவியை இறக்க வேண்டும். சலித்துப்போய் பாதியில் விட்டேன். பல்லேடியம் போதாமல் கப்பலின் கவசத்தை வலுப்படுத்தவில்லை. கடைசிப் பயணத்தில் முதல் மோதலிலேயே என் குழுவிலிருந்த ஜாக் இறந்தாள். திரையை வெறித்துப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வேலை சலிப்பானது என்ற கருத்து மாறவில்லை. ஆனால் அது எதற்காக அங்கே இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. முடிவைப் பார்க்காமல் ஒரு இரண்டாம் பாகத்துக்குத் தீர்ப்பு எழுத எனக்கு இன்றுவரை மனம் வருவதில்லை.

சரி, வாங்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது? மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். முதல் பாகத்தில் நீங்கள் எழுதிய அதே எரிச்சல்களைச் சொன்ன ஒரு விமர்சகரைத் தேடிப் பிடியுங்கள், அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். விற்பனையை வைத்தும் எடை போடாதீர்கள். டைட்டன்ஃபால் 2 வெளியானது 2016 அக்டோபர் 28. ஒரு வாரம் முன்னால் பேட்டில்ஃபீல்டு 1, ஒரு வாரம் பின்னால் புது கால் ஆஃப் டியூட்டி. மூன்றுமே சுடும் ஆட்டங்கள், இது நடுவில் நசுங்கிவிட்டது. ஆனால் முதல் பாகத்தில் தனியாக ஆடும் கதையே இல்லை என்ற குறைக்கு அவர்கள் தந்த பதில் அற்புதம். ஒரு கட்டத்தில் கையில் கட்டிய கருவியை அழுத்தினால் பாழடைந்த கட்டடம் பழைய காலத்துக்குப் போய்விடும். இப்போது சுவர் இருக்கும் இடத்தில் அப்போது வழி இருக்கும். நடுவானில் தாவும்போதே காலத்தை மாற்ற வேண்டும். நான் அதை மூன்று முறை ஆடியிருக்கிறேன்.

கணினி ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த நேரத்தைத் தொடக்கக் காட்சிகளிலேயே கரைக்காதீர்கள். சண்டைக்குப் போய்ப் பட்டியலைச் சரிபாருங்கள். கன்சோல் என்றால் நான் வட்டுதான் வாங்குவேன், பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம். இணையவழி ஆட்டம் என்றால் சர்வர் எங்கே என்று கேளுங்கள். அமெரிக்காவில் மட்டும் இருந்தால் இங்கிருந்து பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 150 மில்லிவினாடிக்கு மேல் போகும், நாம் சுடும்போது எதிரி அங்கே இருக்கமாட்டான்.

தம்பியின் ரசீதுக்கு வருகிறேன். முதல் வரி: "ஜம்ப் பேக்கில் மேலே போய் தடால்னு இறங்குறது." முதுகில் மாட்டிக்கொண்டு எழும்பும் கருவி அது. ஸ்பேஸ் மரீன் முதல் பாகம் 2011, இரண்டாவது 2024. நடுவில் தயாரிப்பு நிறுவனமே மாறிவிட்டது. அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் பாகத்தின் கதையில் ஜம்ப் பேக் சில இடங்களில்தான் கிடைக்கும். மூன்று பேர் சேர்ந்து ஆடும் ஆபரேஷன்ஸ் பகுதியில் அசால்ட் வீரனை எடுத்தால் முழுக்க அதோடு ஆடலாம். ஆள் இல்லாவிட்டால் கணினியே துணைக்கு வரும், ஆனால் சுவை மனிதர்களோடுதான் என்றேன்.

அவன் ரசீதின் ஓரத்தில் "இன்னும் 2 பேர்?" என்று எழுதிக்கொண்டு மாமா மகனுக்குப் போன் போட்டான்.