உலக வரலாறு படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, அடுத்துப் படிக்க வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிப் பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உலக வரலாறுதான். அதைப் படிக்கும்போது காரணங்களை மட்டும் வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். மதிப்பெண் வந்துவிடும், ஆனால் இடையில் ஓடிய ஆண்டுகள் காணாமல் போய்விடும்.

ஹிட்லர் பாடத்தையே பாருங்கள். ‘முதல் உலகப்போரை முடித்துவைத்த வெர்செய்ல்ஸ் ஒப்பந்தம் ஜெர்மனியை அவமானப்படுத்தியது, அதனால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். ஒப்பந்தம் 1919இல் கையெழுத்தானது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1928 மே மாதத் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 2.6 சதவீத வாக்கு, 12 இடங்கள். அவமானம் மட்டுமே காரணம் என்றால் அந்தக் கோபம் அதுவரை எங்கே போயிற்று?

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அமெரிக்கக் கடனை நம்பி நின்ற ஜெர்மனியில் ஆலைகள் மூடின. 1930 செப்டம்பரில் நாஜிகளுக்கு 107 இடங்கள். 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர், ஜூலையில் நாஜி வாக்கு 37.3 சதவீதம். அப்போதும் பெரும்பான்மை இல்லை. நவம்பர் தேர்தலில் 33 சதவீதமாக இறங்கவும் செய்தது. அப்புறம்தான், 1933 ஜனவரி 30 அன்று, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஹிட்லரைப் பிரதமராக நியமித்தார். அவரைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று முன்னாள் பிரதமர் பாப்பன் போன்றவர்கள் கணக்குப் போட்டார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது தடுத்திருக்கக்கூடிய ஒன்று என்பது இந்த ஆண்டுகளைப் பார்த்தால்தான் புரியும். இதை விட்டுவிட்டு அந்தப் பாடத்தைப் படிப்பதில் என்ன பயன்?

அடுத்த தவறு, ஒவ்வொரு நாட்டையும் அதன் எல்லைக்குள்ளேயே பூட்டிவைப்பது. பிரெஞ்சுப் புரட்சி பாரிஸோடு முடியவில்லை. மனித உரிமைப் பிரகடனம் வந்தது 1789இல். பிரான்சின் கரீபியக் குடியேற்றத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தது 1791இல். 1794இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தது, 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அந்த மக்கள் அவருடைய படையைத் தோற்கடித்து 1804இல் ஹைட்டி என்ற நாட்டை அமைத்தார்கள். சமத்துவம் என்ற சொல்லைப் பாரிஸைவிட அவர்கள்தான் முழுசாக நம்பினார்கள் என்பது என் கருத்து.

தேதிகளிலும் ஒரு சின்ன எச்சரிக்கை. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சிக்கு அந்தப் பெயர் அங்கே அப்போது இருந்த பழைய நாட்காட்டியால் வந்தது; நம் நாட்காட்டிப்படி அது 1917 நவம்பர் 7. இரண்டாம் உலகப்போர் 1939இல் தொடங்கியது என்று படிக்கிறோம், சரி. ஆனால் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் 1937 ஜூலையிலேயே முழுப்போர் மூண்டுவிட்டது.

இதற்கெல்லாம் ஒரு எளிய வழி உண்டு. நோட்டில் ஆண்டுக்கு ஒரு வரி ஒதுக்கி, எல்லா நாடுகளையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். 1788 என்ற வரியைப் பாருங்கள்: ஆங்கிலேயருக்கு எதிராகப் படை கேட்டுப் போன திப்பு சுல்தானின் தூதர்களைப் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ஆகஸ்டில் வெர்செய்ல்ஸ் அரண்மனையில் வரவேற்றார். அதே ஆகஸ்டில் பிரான்சின் கஜானா காலியாகி, அரசு பணம் கொடுப்பதை நிறுத்தியது. தூதர்கள் படை இல்லாமலே திரும்பினார்கள்.