பிரசவம் நெருங்கும்போது மாப்பிள்ளைகள் செய்யும் தவறுகள்

வளைகாப்பு முடிந்த கையோடு மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விடுவார். அவர் கோபிப் பக்கம் தோட்டத்து வீட்டில், நாம் திருப்பூரில் பனியன் கம்பெனியில். கொங்கு நாட்டில் தலைப்பிரசவம் பெரும்பாலும் இப்படித்தான். பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கும் பயம் உண்டு. ஆனால் தொலைவில் உட்கார்ந்துகொண்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பவரின் பயம் வேறு மாதிரி.

அந்தப் பயத்தை ஒளித்துவைப்பதுதான் பெரிய தவறு. "வலி அவங்களுக்கு, நமக்கென்னங்க?" என்று சிரித்து மழுப்புவோம். ஒளித்துவைத்த பயம் கடைசியில் கோபமாகத்தான் வெளியே வரும். என் மகள் பிறந்த அன்று கால் மணிக்கொரு தரம் "இன்னும் எவ்வளவு நேரமுங்க?" என்று கேட்டு, பாவம், நர்ஸம்மாவிடம் சத்தமும் போட்டேன். முதல் பிரசவத்துக்கு வலி பிடித்து 12 மணி நேரம், அதற்கு மேலும் ஆவது இயல்பு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், மூன்றாவது மணி நேரத்திலேயே குடி முழுகிப்போனதாக நினைத்திருக்க மாட்டேன். மாதாந்தரச் செக்கப்புக்கு ஒரு தடவையாவது கூடப் போய், சந்தேகங்களை டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். சிசேரியன் எப்போது தேவைப்படும் என்பதையும் அன்றே கேட்டுக்கொண்டால், நள்ளிரவில் கையெழுத்துக் கேட்கும்போது கை நடுங்காது. டீக்கடைக் கதைகளுக்கு மட்டும் காது கொடுக்க வேண்டாம்.

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியை முகூர்த்தம்போல நினைப்பது இன்னொன்று. அந்தத் தேதியிலேயே பிறப்பது நூற்றில் நாலைந்து குழந்தைகள்தான். இரண்டு வாரம் முன்பின் ஆகலாம்.

அப்புறம், வலி என்று ஃபோன் வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பறப்பது. சூட்டு வலி, அதாவது பொய் வலி, விட்டுவிட்டு, ஒழுங்கில்லாமல் வரும்; கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். பிரசவ வலி அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் என ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பிவிட வேண்டும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. இதில் நம் பக்கத்து மரியாதையே இடைஞ்சலாகிவிடும்: "மாப்பிள்ளை வந்துரட்டும்" என்று உட்கார்ந்திருப்பார்கள். "எனக்காகப் பாக்காதீங்க மாமா, 108-ஐக் கூப்பிட்டுப் போயிருங்க, நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தர்றேன்" என்று முன்கூட்டியே நீங்கள்தான் சொல்லிவைக்க வேண்டும். ராத்திரியில் நீங்களே ஓட்டாமல் ஒரு சிநேகிதனைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மனைவியின் ரத்த வகை அவருடைய செக்கப் அட்டையில் இருக்கும். உங்களுடையது? பலருக்குத் தெரியாது. அவர் நெகட்டிவாக இருந்து குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த குழந்தைக்குச் சிக்கல் வரலாம். ரத்தம் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்து வைப்பதும் நம் வேலைதான். கைக்கு வேலை இருந்தால் பயத்துக்கு அவ்வளவாக இடமிருக்காது.

அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறைக்குள் துணைக்குப் பெரும்பாலும் ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள். வாசலில் நின்று வாதாட வேண்டாம். அத்தையா, அக்காவா என்று மனைவியையே கேட்டு வைத்துவிடுங்கள். கணவரை விடும் ஆஸ்பத்திரி என்றால், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள். மயங்கி விழுந்தால் இரண்டு பேரைக் கவனிக்க அங்கே ஆளில்லை.

பிரசவத்துக்குப் பிறகும் உங்களுக்கு வாரக்கணக்கில் தூக்கமில்லை, படபடப்பு என்றால் டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு ஃபோன் செய்தும் தமிழில் பேசலாம்.

கடைசித் தவறு நான் செய்தது. துண்டில் சுற்றிக் குழந்தையைக் கொண்டுவந்தபோது, "அவங்க எப்படியிருக்காங்க?" என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். "பையனா, புள்ளையா?" என்று கேட்டுவிட்டேன். உள்ளே கட்டிலில் இருந்தவர் காதில் அது விழுந்திருக்கிறது. எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் இன்றைக்கும் அங்கே போய்த்தான் முடியும்.