சென்பி, ஷான்ஜா, தினைக் கஞ்சி: புதுசா ஆரம்பிக்கிறவங்க சொதப்புற இடங்கள்

குவாங்சோவுக்குப் புதுசா வர்ற நம்மாளுங்க கொஞ்ச நாள் ஹோட்டல் சாப்பாட்டுல வயிறு உப்பிப்போய், பக்கத்து வீட்டு சீனப் பாட்டி சொன்னாங்கன்னு கஞ்சி, காஞ்ச ஆரஞ்சுத் தோல், புளிப்புப் பழம்னு இறங்கிடுறாங்க. நல்லதுதான், ஆனா எல்லாரும் அதே இடத்துல வழுக்குறதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. கஞ்சியில காரம் போடாதீங்கங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடுறேன்.

"இருபது வருஷ" சென்பி

எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்றது இதுதான். சென்பின்னா காயவச்சுப் பழசாக்குன மாண்டரின் ஆரஞ்சுத் தோல், குவாங்டாங் மாகாணத்துல ஜியாங்மென் பக்கம் சின்ஹுயில விளையுறதுதான் ஒசத்தி. சின்ஹுயி சென்பின்னு சொல்லணும்னா குறைஞ்சது 3 வருஷம் வச்சிருக்கணும், அப்புறம் வருஷம் ஏற ஏற விலையும் ஏறும், ஏமாத்துறவனுக்கு இது போதாதா. நமக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் டூரிஸ்ட் ஏரியா கடையில இருபது வருஷச் சரக்குன்னு ஒரு டப்பா வாங்கிட்டு வந்தான், விலையைக் கேட்டு எனக்குத் தலை சுத்திடுச்சு. ஒரு துண்டை வெதுவெதுப்பான தண்ணியில போட்டோம், கொஞ்ச நேரத்துல டீ டிகாஷன் மாதிரி கருப்பா சாயம் இறங்குது, தோலைத் திருப்பிப் பாத்தா உள்பக்கம் வெளுத்துக் கிடக்கு. டீத்தண்ணியில ஊறப்போட்டு கலர் ஏத்துன புதுத்தோல்!

நிஜமான பழசு ஒரே சீரான கலர்ல இருக்காது, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா எண்ணெய்ப் புள்ளி புள்ளியா தெரியும், மோந்தா புளிப்பு நெடி குத்தாது, ஊறின தண்ணி கலங்காது. இதுல கொடுமை என்னன்னா வயித்து உப்புசத்துக்கு இருபது வருஷமெல்லாம் தேவையே இல்ல, சாதா 3 வருஷத் தோலே தாராளம். தோலை மூணு இதழா விரிச்சுத்தான் காயவைப்பாங்க, ஒரு சட்டி கஞ்சிக்கு அதுல ஒரு இதழ் போதும். ஊறவச்சு உள்பக்க வெள்ளையைக் கத்தியால சுரண்டிடுங்க, இல்லைன்னா கசக்கும். வாங்கினதைத் திறந்தும் வைக்காதீங்க, இங்க மார்ச், ஏப்ரல்ல வீட்டுச் சுவரே வேர்க்கும், பூஞ்சை பிடிச்சா மொத்தமும் குப்பைதான்.

சூப்பர்மார்க்கெட் ஆரஞ்சுத் தோலைக் காயவைக்கிறது

மெழுகும் மருந்தும் சேர்ந்து உள்ள போகும். வேணாம்.

வெறும் வயித்துல ஷான்ஜா

கறி, எண்ணெய்னு கனமா சாப்பிட்ட பிறகு செரிக்கறதுக்காகப் போடுற புளிப்பான சிவப்புப் பழம் இது. நெஞ்செரிச்சல் இருக்கறவங்க தள்ளியே இருங்க. பச்சைப் பழத்தை வெறும் வயித்துல அள்ளித் தின்னு, அது உள்ள கட்டியா இறுகி, ஆஸ்பத்திரியில எடுக்க வேண்டி வந்த கேஸெல்லாம் இருக்கு.

தினைக் கஞ்சியோட ஏடு

சீனாவோட வடக்குப் பக்கம் பிள்ளை பெத்தவங்களுக்கும் வயிறு சரியில்லாதவங்களுக்கும் தினைக் கஞ்சிதான். கொதிக்கிற தண்ணியில தினையைப் போட்டு சின்னத் தீயில அரை மணி நேரம் விட்டு இறக்குனா மேல பளபளன்னு ஒரு ஏடு படியும், நோயாளிக்கு அதைத்தான் முதல்ல குடுப்பாங்க. நம்மாளுங்க நுரைன்னு நெனச்சு அதை வழிச்சு சிங்க்ல ஊத்துறாங்க, அப்புறம் கஞ்சி சப்புன்னு இருக்குன்னு புலம்பல் வேற.

ஷான்யாவ் கிழங்கை வெறுங்கையில சீவறது

கஞ்சியில போடுற வழவழப்பான சீனக் கிழங்கு இது. கை அரிக்கும், கிளவுஸ் போடுங்க.

வாரக்கணக்கா கஞ்சியே

ரத்தம் போகுது, காரணமில்லாம எடை குறையுதுன்னா கஞ்சியையே நம்பி இருக்காம டாக்டரைப் பாருங்க.

பார்லி முளை

முளைகட்டிக் காயவச்ச பார்லியை வறுத்துக் கொதிக்கவச்சுக் குடிச்சா சோறு, மாவுப் பலகாரம் செரிக்கும்பாங்க. ஆனா பால் குடுக்கற அம்மாங்க தொடாதீங்க, பால் வத்தறதுக்கு சீன வைத்தியத்துல குடுக்கறதே இதைத்தான். நல்ல மருந்துக் கடைன்னா பொட்டலம் கட்டுறதுக்கு முன்னாடியே வீட்ல கைக்குழந்தை இருக்கான்னு கேப்பாங்க, கேக்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க.