காரில் பாட்டு தெளிவாகக் கேட்க: ப்ளேயரிலிருந்து ஸ்டீரியோ வரை

காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கு அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி பழனிக்கு நடந்து போகிற ரோடு அது. அதனால் போனையும் கார் ஸ்டீரியோவையும் இணைக்கிற ஆக்ஸ் கேபிளை மாட்டி முருகன் பாட்டு போட்டேன். பாதி வழியில், "என்னப்பா, மேளம் கேக்குது, பாடுறவுக குரலைக் காணோமே?" என்று கேட்டார்கள். சத்தத்தைக் கூட்டினேன். மேளம்தான் கூடியது.

பழுது ஸ்டீரியோவில் இல்லை. போனுக்குப் போட்டிருந்த தடித்த கவர் தடுத்ததில், ஆக்ஸ் முள் முழுசாக உள்ளே இறங்கவில்லை. அப்படி நிற்கும்போது கிரவுண்ட் (இடது, வலது இரண்டுக்கும் பொதுவான கம்பி) தொடர்பு விட்டுப்போகும். இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகத்தான் பதிவு செய்வார்கள், அதனால் அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். கவரைக் கழற்றி, 'டக்' என்று சத்தம் வரும்வரை முள்ளை அழுத்தினேன். குரல் வந்துவிட்டது.

அதனால் முதல் வேலை, இணைப்பைப் பாருங்கள். வண்டியில் யூஎஸ்பி இருந்தால் பாட்டைப் பென் டிரைவில் போட்டுச் செருகுவதுதான் என் முதல் தேர்வு. போனின் வால்யூம், ஆக்ஸ் கேபிள் எதுவும் நடுவில் வராது. பென் டிரைவை ஸ்டீரியோ படிக்கவில்லை என்றால் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து பாருங்கள் (உள்ளே இருப்பது அழியும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்). அடுத்தது ஆக்ஸ், 3.5 மி.மீ. முள். பிறகு ப்ளூடூத். எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் (போன் பாட்டைக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் சின்னக் கருவி) வேறு வழியே இல்லாதபோது.

இரண்டாவது, வால்யூம். ஆரம்பத்தில் எல்லோரும் தவறுவது இங்கேதான். ப்ளேயரில் (பாட்டு ஓடும் போனில்) சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு காரில் கூட்டினால், ஸ்டீரியோவின் 'உஸ்' சத்தமும் சேர்ந்து கூடும். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ப்ளேயரில் ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட் என்று ஒலியை மாற்றும் அமைப்புகள் எல்லாவற்றையும் அணையுங்கள். காரிலும் பாஸ், ட்ரெபிள் இரண்டையும் பூஜ்யத்தில் வையுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு ப்ளேயர் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் ஏற்றுங்கள். இப்போது ரேடியோவுக்கு மாறிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் இருந்தால் சரி. நாகஸ்வரம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் உடைந்தாற்போல் கேட்டால் ப்ளேயரில் இரண்டு படி இறக்குங்கள். இதற்குப் பிறகு காரின் வால்யூமைத் தவிர எதையும் தொடவேண்டாம். ப்ளூடூத்தில் போன் வால்யூமை முழுசாக வைக்கலாம். ஆனால் பாட்டு பழைய டெலிபோன் போலக் கேட்டால், போன் அழைப்புக்கான இணைப்பில் மாட்டியிருக்கிறது. அமைப்புக்குள் போய் 'மீடியா ஆடியோ' இயங்குகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, 'ஙீ' என்ற சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறுகிறதா? சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் பிடிபட்டது. சார்ஜர் வழியாகவும் ஆக்ஸ் வழியாகவும் இரண்டு கிரவுண்ட் பாதை உருவாகி, ஆல்டர்னேட்டரின் (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தருவது) இரைச்சல் பாட்டுக்குள் நுழைகிறது. போனைப் பேட்டரியிலேயே ஓட்டுங்கள், இல்லாவிட்டால் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சின்னப் பெட்டியை ஆக்ஸ் கேபிளின் நடுவில் மாட்டுங்கள். அதற்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள் பாட்டை மட்டும் கடத்தும்.

யூஎஸ்பி, ஆக்ஸ், ப்ளூடூத் எதுவும் இல்லாத பழைய வண்டி என்றால் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். 87.5 முதல் 108 வரைக்குள் எந்த நிலையமும் கேட்காத எண்ணை முதலில் கார் ரேடியோவில் தேடிப் பிடித்து, பிறகு டிரான்ஸ்மிட்டரிலும் அதையே வையுங்கள். நம் பக்கத்தில் கொடைக்கானல் பண்பலை 100.5-இல் வருவதால் அதன் பக்கமே போகவேண்டாம். காரைக்குடியில் காலியாக இருந்த எண் மதுரையை நெருங்கும்போது காலியாக இருக்காது. திருப்பத்தூர் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, வேறு எண் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.