மனநல ஆலோசகர்களின் கோரிக்கை மனுக்கள் எங்கே தடம் மாறுகின்றன?

“ஆலோசகர்களுக்கு அங்கீகாரம் வேண்டும்.” சென்னையில் கவுன்சலிங் துறையினர் எழுதும் பல மனுக்கள் இந்த வரியோடு தொடங்கி அதிலேயே நின்றுவிடுகின்றன. யார் அங்கீகரிப்பது, எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுதாத மனுவை, “தங்கள் கோரிக்கை உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்ற ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

பெரிய தவறு, சட்டம் தெரியாமல் அலுவலகத்தைத் தேர்ந்தெடுப்பது. மனநலம் என்றதும் கீழ்ப்பாக்கத்துக்கு, மாநில மனநல ஆணையத்துக்கு எழுதிவிடுகிறோம். ஆனால் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன் 55-ஆம் பிரிவு, மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோரைப் பதிவு செய்யவே மாநில ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பட்டியலில் ஆலோசகர் இல்லை. சேர்க்க வேண்டுமானால் சட்டத்தையே திருத்த வேண்டும். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலோ 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுத் துறையினருக்கானது. மருத்துவ உளவியலாளர்கள் அங்கே பதிவு செய்கிறார்கள்.

ஆலோசகருக்கு உண்மையில் இடம் இருப்பது, துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல். அதன் அட்டவணையில் நடத்தைசார் சுகாதாரப் பிரிவின் கீழ் உளவியலாளர், ஆலோசகர், மனநல ஆதரவுப் பணியாளர் எல்லாம் வருகிறார்கள். பாடத்திட்டம், தகுதி பற்றிய கோரிக்கை டெல்லியில் உள்ள ஆணையத்துக்குப் போக வேண்டும். பதிவேடு பற்றியது இதே சட்டத்தின் கீழ் வரும் மாநிலக் கவுன்சிலுக்கும் தலைமைச் செயலகத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டுமே நகராது.

இந்தச் சட்டத்தையொட்டி ஓர் அவசரமும் இருக்கிறது. 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. நம் ஊரில் அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. முடித்து, பல வருடம் தொழிலில் இருப்பவர்கள் ஏராளம். “பதிவேட்டில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று அவர்கள் எழுதினால் போதாது. இத்தனை மணி நேர மேற்பார்வைப் பயிற்சி, இத்தனை ஆண்டு அனுபவம், தேவைப்பட்டால் ஓர் இணைப்புப் படிப்பு என்று பதிவுக்கான நிபந்தனையை நாமே வரைந்து கொடுக்க வேண்டும். வரைவோடு வரும் மனுவைத்தான் அதிகாரியால் குறிப்பெழுதி மேலே அனுப்ப முடியும்.

பள்ளி, கல்லூரிப் பணியிடங்களுக்காகப் பேசுபவர்கள் கையில் வலுவான ஆயுதம் இருந்தும் அதை எடுப்பதில்லை. சுக்தேப் சாஹா வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. சட்டம் வரும்வரை இந்த வழிகாட்டுதல் கட்டுப்படுத்தும். மனுவின் “பார்வை” வரியில், அதாவது ஆதார ஆவணங்களைக் குறிப்பிடும் இடத்தில், முதலில் வர வேண்டியது இந்தத் தீர்ப்புதான்.

ஆதாரம் திரட்டத் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துகையில் கேள்வி வடிவத்தில் சறுக்குகிறோம். “ஏன் இன்னும் நியமிக்கவில்லை?” என்று கேட்டால், விளக்கம் தர வேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள், பதிவேட்டில் இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். இப்படிக் கேளுங்கள்: “சென்னை மாவட்டத்தில் 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள அரசுப் பள்ளிகள் எத்தனை? அவற்றில் ஆலோசகர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? நியமன ஆணைகளின் நகல், அதில் உள்ள கல்வித் தகுதி, தொகுப்பூதியத் தொகை?” பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ஆலோசனைக்கு வந்தவரின் கதையை ஆதாரமாக வைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெயரை மாற்றினாலும் பள்ளி, வயது, பகுதி சொன்னால் அண்ணாநகரில் இருப்பவருக்கு யார் என்று தெரிந்துவிடும். நம்பி வந்து பேசியவரை நம் சம்பள உயர்வுக்காகக் காட்டிக்கொடுப்பதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வாரம் காத்திருந்தார்கள், எத்தனை பேரை மனநல மருத்துவரிடம் அனுப்பினோம் என்ற மொத்த எண்ணிக்கையே போதிய வலு உடையது.

மருத்துவர்களோடும் மருத்துவ உளவியலாளர்களோடும் எல்லைச் சண்டை வேண்டாம். நோய் கண்டறிதல், மருந்து, உளவியல் சோதனைச் சான்று எங்கள் வேலையில்லை என்று மனுவிலேயே எழுதிவிட்டால் எதிர்ப்பு பாதி குறையும். “14416 டெலி மானஸ் மனநல உதவித் தொலைபேசி இருக்கிறதே, தனியாக ஆலோசகர் எதற்கு?” என்ற கேள்வியும் வரும். தொலைபேசியில் முதல் உதவி கிடைக்கும்; அதே மாணவியை வாரா வாரம் நேரில் பார்ப்பதற்குப் பள்ளியில் ஆள் வேண்டும். இந்தப் பதிலை முன்கூட்டியே மனுவில் சேர்த்துவிடுங்கள்.

நேரமும் முக்கியம். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது கோட்டைக்குப் போவது தாமதம். அதற்கு முன்பே துறைகள் செலவு மதிப்பீட்டை நிதித்துறைக்கு அனுப்பியிருக்கும். புதுப் பணியிடம் கேட்பவர்கள் முந்தைய ஆண்டின் பிற்பாதியிலேயே, எத்தனை இடம், மாதம் எவ்வளவு, ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்ற கணக்கோடு போக வேண்டும். சென்ற ஆண்டின் கொள்கை விளக்கக் குறிப்பில் அந்தத் துறை என்ன சொன்னது என்று பார்த்து, அதன் பத்தி எண்ணையும் குறிப்பிடுங்கள்.

மனுவை யாரிடமோ கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். தபால் பிரிவில் சேர்த்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சில நாள் கழித்து ந.க. எண்ணை, அதாவது கோப்பு எண்ணை, கேட்டுக் குறித்துக்கொண்டால், அடுத்த கடிதம் புது மனுவாகப் போகாமல் அதே கோப்பில் சேரும்.