கடல் கடந்து வரும் நனிசைவ இறைச்சியும் சீஸும்: தருவிக்கும் முறை

வெளிநாட்டுக் கடைகளிலிருந்து நனிசைவ இறைச்சியையும் சீஸையும் தருவிக்க எண்ணுபவர், விலையைப் பார்ப்பதற்கு முன்பே, "குளிர்நிலையில் வைக்கவும்" என்ற சொற்கள் பொருளின் விவரத்தில் எங்கேனும் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். இருந்தால், அந்தப் பொருளைச் சென்னைக்கோ மதுரைக்கோ கூரியரில் வரவழைக்கும் எண்ணத்தை அநேகமாக அங்கேயே கைவிட்டுவிடலாம். பால், முட்டை, தேன் என விலங்கிடமிருந்து வரும் எதையும் உண்ணாத வீகன் உணவுமுறையைத்தான் நனிசைவம் என்கிறோம். அதற்குப் புதிதாக மாறியவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது பீட்சாவின் மேல் உருகும் சீஸையும் பர்கருக்குள் வைக்கும் துண்டையும்தான். தொலைதூரத்திலிருந்து தருவிக்க மிகக் கடினமானவையும் அவ்விரண்டே. தமிழ்நாட்டில் இருந்தபடி பல ஆண்டுகளாக இப்படிப் பொருள்களை வரவழைத்துச் சிலவற்றில் பணத்தை இழந்த அனுபவத்தில் இக்குறிப்பை எழுதுகிறேன்.

சீஸிலிருந்து தொடங்கலாம். கிரேக்க நாட்டின் வயோலைஃப் போன்ற பெயர் பெற்ற நனிசைவ சீஸ்களின் உட்பொருள் பட்டியலைப் பார்த்தால், தண்ணீருக்கு அடுத்தபடியாகத் தேங்காய் எண்ணெயும் அதன்பின் மாவுச்சத்தும் இருப்பது தெரியும். புரதம் ஏறக்குறைய இல்லை. சத்துக்காக வாங்குபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் வீட்டு எண்ணெய்ப் பாட்டில் மார்கழிக் காலையில்கூட எப்போதாவதுதான் உறைகிறது. ஆகவே ஏதென்ஸிலோ லண்டனிலோ கட்டியாகப் புறப்படும் சீஸ் விமான நிலையக் கிடங்கில் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை ஏப்ரல் மாதத்தில், துண்டு போட்ட சீஸ் நான்கு பொட்டலங்களை ஐரோப்பியக் கடை ஒன்றிலிருந்து வரவழைத்தேன். 16 நாள் கழித்து வந்து சேர்ந்தபோது, துண்டுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகியிருந்தன. உறையின் ஒரு மூலையில் எண்ணெய் தனியே தேங்கியிருந்தது. இரண்டு பொட்டலங்கள் பூரியைப் போல உப்பியிருந்தன. கூரியரிடம் ஒப்படைத்ததோடு தங்கள் பொறுப்பு முடிந்தது என்று கடைக்காரர் பதில் எழுதினார். விதிமுறைப் பக்கத்தின் கடைசி வரியில் அதை எழுதியும் வைத்திருந்தார்கள். நான்தான் அதுவரை படிக்கவில்லை. உப்பிய பொட்டலத்தை முகர்ந்து பார்த்துச் சமைக்கலாமா என்று யோசிக்கவே கூடாது. உள்ளே நுண்ணுயிர்கள் வளர்ந்து வாயுவை உண்டாக்கியிருக்கக்கூடும் என்பதால் அதை அப்படியே எறிந்துவிட வேண்டும்.

குளிர் ஜெல் பைகளோடு அனுப்புகிறோம் என்று சில கடைகள் சொல்லும். அப்பைகள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். உள்நாட்டு விநியோகத்துக்குத்தான் அவை ஏற்றவை. உலர்பனியின் (டிரை ஐஸ்) வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி என்பதால் அது மேலும் சற்று நேரம் தாங்கும் என்றாலும், விமானப் போக்குவரத்தில் அது ஆபத்தான சரக்காக வகைப்படுத்தப்பட்டிருப்பதால், தனிநபருக்கு அனுப்பும் சிறு பெட்டியில் அதை வைத்து அனுப்ப முன்வருபவர்கள் அரிது. முன்வந்தாலும் கட்டணம் சீஸின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும்.

அப்படியானால் எவற்றைத் தருவிக்கலாம்? உலர்ந்தவற்றையும், அறை வெப்பநிலையில் கெடாதபடி டின்னிலோ உறையிலோ அடைத்தவற்றையும் தருவிக்கலாம். என் பட்டியலில் முதலிடம் நியூட்ரிஷனல் ஈஸ்டுக்கு. வெல்லப்பாகு போன்றவற்றில் வளர்த்து, சூட்டால் செயலிழக்கச் செய்து, மஞ்சள் நிறச் செதில்களாக உலர்த்திய ஈஸ்ட் அது. முந்திரி விழுதில் இரண்டு கரண்டி சேர்த்தால் சீஸை ஒத்த அடிச்சுவை வந்துவிடும். சில நிறுவனங்கள் அதில் வைட்டமின் பி12 சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை என்பதால் சத்து அட்டவணையைப் பார்த்தே வாங்க வேண்டும். அடுத்தது, கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த பசையப் பொடியான வைட்டல் வீட் குளூட்டன். அதில் முக்கால் பங்குக்கு மேல் புரதம். தண்ணீரும் மசாலாவும் சேர்த்துப் பிசைந்து ஆவியில் வேகவைத்தால், நார் நாராகக் கிழியும் சைத்தான் என்ற இறைச்சி மாற்று வீட்டிலேயே கிடைத்துவிடும்.

ஆனால் இவ்விரண்டும் மும்பையின் அர்பன் பிளாட்டர் போன்ற இந்தியக் கடைகளிலேயே இப்போது கிடைக்கின்றன. உதய்பூரின் குட்டாட் நிறுவனமும் தாவர இறைச்சி வகைகளை உள்நாட்டிலேயே தயாரித்து விற்கிறது. உள்நாட்டு விலையையும் வெளிநாட்டு விலை, அனுப்பும் செலவு, வரி மூன்றின் கூட்டுத்தொகையையும் ஒரு தாளில் அருகருகே எழுதிப் பார்த்தபின் முடிவெடுங்கள். மீல் மேக்கரை மட்டும் எக்காரணம் கொண்டும் வெளிநாட்டிலிருந்து வாங்காதீர்கள். அங்கே பகட்டான அட்டைப்பெட்டியில் சோயாப் புரதத் துண்டுகள் என்று விற்பதும், நம் தெருமுனை மளிகைக் கடையில் தொங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான். கொன்யாக் கிழங்குமாவில் செய்த இறால் வடிவங்களையும் சிலர் ஆவலோடு தேடுகிறார்கள். கொன்யாக் நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவு என்பதைச் சொன்னால் அந்த ஆவல் குறையுமோ என்னவோ தெரியவில்லை.

பட்டியலைச் சுருக்கியபின் லேபிளைப் படிக்க வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் நாட்டுப் பச்சைப் புள்ளி சைவத்தைத்தான் குறிக்கும். பால் பொருள் இருந்தாலும் அதைப் போடலாம். நனிசைவத்துக்கெனத் தனி முத்திரையும் விதிமுறைகளும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வழியாக 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தன. வெளிநாட்டுப் பொட்டலங்களிலும் "வெஜிடேரியன்", "இறைச்சி இல்லாதது" என்ற சொற்களை நம்பக் கூடாது. பூஞ்சைப் புரதத்தில் செய்யும் இங்கிலாந்தின் குவார்ன் வகைகள் பலவற்றில் முட்டை வெண்கரு உண்டு. அதே நிறுவனத்தின் நனிசைவ வகைகளில் "வீகன்" என்று தனியே குறிக்கப்பட்டிருக்கும். லாக்டோஸ் இல்லை என்று விளம்பரப்படுத்தும் சீஸ் துண்டுகள் சிலவற்றில் பால் புரதமான கேசீன் இருக்கும். இங்கிலாந்தின் வீகன் சொசைட்டி 1990 முதல் வழங்கிவரும் முத்திரை இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தைவான் நாட்டுப் போலி இறைச்சி வகைகள் தரத்தில் சிறந்தவை. லேபிள் விஷயத்திலும் அந்நாடு நம்மைவிடத் தெளிவு. அங்கே சைவ உணவுப் பொட்டலங்கள் ஐந்து பிரிவுகளுள் ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: முழுச் சைவம், முட்டை கலந்தது, பால் கலந்தது, முட்டையும் பாலும் கலந்தது, பூண்டு வெங்காய வகைகள் சேர்ந்த தாவர உணவு. இவற்றுள் முதலாவதை மட்டுமே நனிசைவர்கள் நம்பலாம்; கடைசிப் பிரிவில் முட்டையோ பாலோ கூட இருக்கக்கூடும். வெங்காயம் பூண்டு சேர்க்காத வீடுகளுக்கும் முதலாவதே பொருந்தும். சீன எழுத்து தெரியாதவர்கள் லேபிளின் படத்தைக் கேட்டு வாங்கி, கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் பார்க்கலாம். கடையின் ஆங்கில விவரத்தில் பல வேளைகளில் முட்டை விடுபட்டுப்போகிறது.

அமெரிக்காவின் இம்பாசிபிள் நிறுவனத்தின் இறைச்சி மாற்றையும் பலர் கேட்கிறார்கள். அதற்கு இரத்தச் சிவப்பையும் மணத்தையும் தரும் ஹீம் புரதம் மரபணு மாற்றிய ஈஸ்டில் உருவாக்கப்படுவது. இந்தியாவில் மரபணு மாற்ற உணவுக்கு முன்னனுமதி வேண்டும் என்பதால் அதைத் தொடாதிருப்பதே நல்லது. அஞ்சலில் தருவிக்கக் கூடாதவை இன்னும் இரண்டு உண்டு. பச்சைச் சோயா விதை போல முளைக்கக்கூடிய தானியங்களும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பே என்ற உணவுக்குப் பயன்படும் உயிருள்ள பூஞ்சைப் பொடியும் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகளின் கீழ் வருபவை. தக்க அனுமதிச் சான்று இல்லாமல் அவை உள்ளே வர முடியாது.

அடுத்தது சுங்கம். பெட்டியின் மேல் ஒட்டும் அறிவிப்பில் கடைக்காரர் என்ன எழுதுகிறார் என்பதைப் பொறுத்தே பாதிச் சிக்கல் உண்டாவதும் தீர்வதும். வெறுமனே "சீஸ்" அல்லது "சாசேஜ்" என்று எழுதியிருந்தால், அதிகாரி அதைப் பால் பொருளாகவோ இறைச்சியாகவோ கொள்வது இயல்பு. கால்நடைப் பொருள்களின் இறக்குமதிக்குத் தனியாகச் சுகாதார அனுமதி வேண்டியிருப்பதால் பெட்டி நின்றுவிடும். ஆகவே பணம் செலுத்துமுன்பே, "தாவரப் பொருள்களால் ஆன உணவு, பாலோ இறைச்சியோ முட்டையோ இல்லை, சொந்த உபயோகத்துக்கு" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதும்படி கேட்டுக்கொள்ளுங்கள். சுங்கத்துறை பொருள்களை வகைப்படுத்தப் பயன்படுத்தும் எச்.எஸ். குறியீட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். பாலில் செய்த சீஸின் குறியீடு 0406 என்று தொடங்கும். அது தவறியும் வந்துவிடக் கூடாது. கோதுமைப் பசையத்துக்கு 1109, செயலிழந்த ஈஸ்டுக்கு 2102, சோயாப் புரதத் துண்டுகளுக்கும் பிற உணவுத் தயாரிப்புகளுக்கும் 2106 என்பவை பொருத்தமான தலைப்புகள். பெரிய பையிலிருந்து பிரித்து, பெயரில்லாத வெற்று உறையில் வெள்ளைப் பொடியை அடைத்து அனுப்பும் சிக்கனக்காரக் கடைகளும் உண்டு. அப்படி வரும் பெட்டியைக் கண்டு சுங்க அதிகாரி என்ன நினைப்பார் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

வரி, பொருளின் விலைக்கு மட்டும் விதிக்கப்படுவதில்லை. பொருளின் விலை 2,400 ரூபாய், அனுப்பும் கட்டணம் 2,100 ரூபாய் என்றால், இரண்டையும் காப்பீட்டுச் செலவையும் கூட்டிய தொகைக்கே வரி கணக்கிடப்படும். சொந்த உபயோகத்துக்கு அஞ்சலிலோ விமானத்திலோ வருபவை 9804 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. அதன் விகிதம் வரவு செலவுத் திட்டங்களில் மாறக்கூடியது என்பதால், தருவிக்கும் வாரத்தில் சுங்கத்துறையின் தளத்தில் பார்த்துக்கொள்வதே சரி. பரிசு என்று எழுதினால் வரி இல்லை என்ற பழைய யோசனையை யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். 5,000 ரூபாய் வரையிலான பரிசுகளுக்கு இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. நண்பர்கள் பத்துப் பேருக்குச் சேர்த்து இருபது கிலோ தருவிப்பதும் ஆபத்தானது. அளவு மிகுந்தால் அது வணிக இறக்குமதியாகக் கருதப்படும், அதற்கு உரிமம் முதல் வெளிநாட்டு அதிகாரிகளின் நனிசைவச் சான்றிதழ் வரை தேவைப்படும்.

அனுப்பும் கட்டணத்தில் கவனிக்கத் தவறும் ஒன்று, கன அளவை வைத்துக் கணக்கிடும் எடை. கூரியர் நிறுவனங்கள் பல, பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கும். அதில் வரும் எண், உண்மை எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டி, உள்ளே ஒரு கிலோ ஈஸ்ட் செதில்தான் இருந்தாலும், 3 கிலோவாகவே கணக்காகும். ஈஸ்ட் செதில் பஞ்சு போல இடத்தை அடைப்பது. பசையப் பொடி கனமானது. ஆகவே ஒரே பெட்டியில் இரண்டையும் கலந்து வாங்கினால் கட்டணம் வீணாகாது. கூரியரில் வந்தால் கே.ஒய்.சி. என்று ஆதார் முதலிய அடையாளச் சான்றைக் கேட்டுக் குறுஞ்செய்தி வரும். அதே பெயரில் மோசடிச் செய்திகளும் வருவதால், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் தளத்துக்கு நேரே சென்று கண்காணிப்பு எண்ணை இட்டுப் பார்த்தபின் பதிவேற்றுங்கள். அஞ்சல் வழியில் வந்தால் வரியைத் தபால்காரரிடம் செலுத்திப் பெட்டியைப் பெறலாம். தாமதம் அதிகம், அலைச்சல் குறைவு.

குளிர்நிலைப் பொருள்தான் வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர்களுக்கு ஒரே நம்பகமான வழி, வந்துபோகும் உறவினரின் பெட்டி. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானப் பயணம் ஏறத்தாழ 4 மணி நேரம். அங்கே மிடில் ரோட்டிலுள்ள ஃபார்ச்சூன் சென்டர் கட்டடம் சைவ உணவகங்களுக்கும் கடைகளுக்கும் பேர்பெற்றது. அப்பகுதியில் உறைநிலைப் போலி இறைச்சியைப் புறப்படும் நாளில் வாங்கி, செய்தித்தாளில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, வெப்பம் புகாத காப்புப் பையில் இட்டு, சரக்குப் பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வைத்தால், வீடு வரும்வரை பெரும்பாலும் கட்டியாகவே இருக்கும். கடையின் உறையைப் பிரிக்காமல், லேபிள் தெரியும்படி கொண்டுவரச் சொல்லுங்கள். இறைச்சி, பால் பொருள் உண்டா என்று சுங்க அறிவிப்பில் கேட்கப்படுவதால், அதிகாரி விசாரித்தால் உட்பொருள் பட்டியலைக் காட்ட வேண்டியிருக்கும். வழியில் முழுவதும் இளகிவிட்டதைத் திரும்ப உறைய வைக்காமல் அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும்.

எந்தக் கடையானாலும் முதல் முறை ஒரே ஒரு பொருளை, அதுவும் சிறிய பொட்டலத்தை மட்டும் வாங்கிப் பாருங்கள். காலாவதி நாளை மின்னஞ்சலில் கேட்டு, வந்து சேர்ந்தபின் குறைந்தது ஆறு மாதமாவது மீதமிருக்குமா என்று கணக்கிடுங்கள்; தள்ளுபடியில் விற்பவை பெரும்பாலும் காலாவதியை நெருங்கியவை. சித்திரை, வைகாசி மாதங்களைத் தவிர்த்து, கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில் வரவழைப்பது உத்தமம். பெட்டி வந்ததும், பிரிப்பதற்கு முன்பே நான்கு பக்கமும் படம் எடுத்துவைத்தால், இழப்பீடு கேட்கும் நிலை வந்தால் உதவும். ஈஸ்ட் செதிலை ஒளி புகாத, காற்றுப் புகாத டப்பாவில் மாற்றி, ஈரக் கரண்டி படாமல் வையுங்கள். ஐப்பசி மழைக்காலத்தில் அது ஒரே வாரத்தில் கட்டி தட்டிவிடும் என்பதால், அந்த மாதங்களில் டப்பா குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.